சாவி களவு போகவில்லை: ஒரு ஜவுளிக் கடையும் 617 இலக்க எண்ணும்

மதுரை விளக்குத்தூண் பகுதியில் உள்ள ஒரு மொத்த ஜவுளிக் கடையில் நடந்த விவகாரம் இது. முதலாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். கடையின் பெயரோ, மென்பொருள் எழுதிக் கொடுத்தவரின் பெயரோ இங்கே தேவையில்லை. கணக்குதான் முக்கியம்.

சுங்குடிச் சேலையும் வேட்டியும் தென்மாவட்டச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பும் கடை அது. தீபாவளிக் கொள்முதல் ஒரு தொகையைத் தாண்டினால் சில்லறை வியாபாரிக்குக் கழிவுச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள். பொங்கல் கொள்முதலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் ரப்பர் முத்திரையும் முதலாளியின் கையெழுத்தும் போதுமானதாக இருந்தன. பிறகு சீட்டில் க்யூஆர் குறியீடு வந்தது. அதற்குள் சீட்டு எண், தொகை, தேதி, அவற்றின் மீது ஆர்எஸ்ஏ முறையில் இட்ட மின்கையொப்பம். சீட்டைச் சரிபார்க்க ஒரு கைபேசிச் செயலி. கையொப்பம் பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு.

பொங்கல் கொள்முதலின்போது பச்சை காட்டிய சில சீட்டுகளின் எண்கள் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இல்லை. கடை கொடுக்காத சீட்டு, ஆனால் கடையின் கையொப்பம். கையொப்பமிடும் மறைச்சாவி, அதாவது வெளியே காட்டாத ரகசிய எண், உள்ளறையில் இருக்கும் ஒரே கணினியில்தான் இருந்தது. அதைத் தொடக்கூடியவர்கள் முதலாளி, அவர் மகன், பில் போடும் இளைஞன். மூன்றாமவர் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். சந்தேகம் யார் மீது விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் குறைந்தவர் மீதுதான் அது எப்போதும் முதலில் விழுகிறது. அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளியின் மகன் என்னிடம் படித்தவர். அவர் கேட்டது சரியான கேள்வி: "சார், கணினியைத் தொடாமலே இந்தக் கையொப்பத்தைப் போட முடியுமா?" முதலாளிக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "இவ்வளவு நீளமான எண்ணை எவன் சார் உடைப்பான்?" என்றார். மென்பொருள்காரர் அவருக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

எண் எப்படிப் பிறந்தது

ஆர்எஸ்ஏ முறையை ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் 1977ல் உருவாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் பகு எண்ணை வெளியே வைக்கலாம். அது கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச்சாவியின் பகுதி. பெருக்கிய இரண்டு எண்களும் தெரிந்தவர் மறைச்சாவியைக் கணக்கிட்டுவிடலாம். ஆகவே பாதுகாப்பு முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: பெருக்குவது எளிது, பெருக்கலைத் திரும்பப் பிரிப்பது கடினம்.

கடையின் பொதுச்சாவி 2048 பிட். பத்தடிமானத்தில் எழுதினால் 617 இலக்கம். செயலிக்குள்ளேயே அது இருக்கிறது. எடுப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். 617 இலக்கத்தைப் பார்த்ததும் பலர் கைவிட்டுவிடுவார்கள். நீளத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எண் எந்த நிரலில், எந்த வழியில் பிறந்தது என்று கேட்பது என் வழக்கம். இங்கே அதைக் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வர்க்கமூலம் எடுத்தவுடன் தெரிந்துவிட்டது.

முறை பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவுடையது, 1643ஐச் சேர்ந்தது. ஓர் ஒற்றைப்படைப் பகு எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், அது தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். எட்டாம் வகுப்பு முற்றொருமைதான். எண்ணின் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கு. அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழி. மிச்சம் வர்க்கமா என்று பார். இல்லையென்றால் ஒன்று கூட்டி மறுபடி பார். ஃபெர்மா எடுத்துக்கொண்ட எண் 2027651281. 45030இல் தொடங்கினால் 12ஆவது முயற்சியில் 45041 வருகிறது. அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் 1040400, அதாவது 1020இன் வர்க்கம். ஆக காரணிகள் 44021, 46061.

ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1874ல் 8616460799 என்ற எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்பது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை என்று எழுதிவிட்டார். பாவம். ஃபெர்மா முறையில் 92825இல் தொடங்கினால் 56ஆவது முயற்சியில் முடிகிறது: 92880இன் வர்க்கம் கழித்தல் 3199இன் வர்க்கம். விடை 89681 பெருக்கல் 96079. காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகலில் செய்யலாம். தன் இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

கடையின் எண்ணில் ஃபெர்மா முறை முதல் முயற்சியிலேயே முடிந்தது. கணினிக்கு ஒரு கண் சிமிட்டல்கூட ஆகவில்லை. வெளிவந்த இரண்டு பகா எண்களும் 309 இலக்கம் கொண்டவை. முதல் 300 இலக்கங்களுக்கு மேல் இரண்டும் அப்படியே ஒன்று. வேறுபாடு வால் பகுதியில் மட்டும், ஆயிரத்துக்கும் கீழே.

காரணம் நிரலில் இருந்தது. மென்பொருள்காரர் தற்செயலாக ஒரு 1024 பிட் எண்ணை எடுத்து, அதற்கு அடுத்த பகா எண்ணை முதல் காரணியாக வைத்தார். இரண்டாவது காரணிக்கு, முதலாவதற்கு அடுத்து வரும் பகா எண்ணை எடுத்துக்கொண்டார். அந்த அளவில் அடுத்தடுத்த பகா எண்களுக்கு இடையே சராசரி இடைவெளி ஏறக்குறைய 710தான். காரணிகளின் சராசரிக்கும் வர்க்கமூலத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று பார்த்தால், வேறுபாட்டின் வர்க்கத்தை வர்க்கமூலத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வருகிற அளவு. மேலே ஏழு இலக்கத்துக்குள் அடங்கும் எண், கீழே முந்நூறு இலக்கம் தாண்டிய எண். அது பூஜ்யம்தான். இரண்டாவது முயற்சிக்கே வேலையில்லை. 2048 பிட்டுக்குப் பதிலாக 20000 பிட் வைத்திருந்தாலும் முதல் முயற்சியில்தான் உடைந்திருக்கும்.

மென்பொருள்காரர் தன் தரப்பில் சொன்னது: "இரண்டும் பகா எண்தானா என்று நன்றாகச் சோதித்துத்தான் போட்டேன், சார்." சோதித்திருந்தார், உண்மைதான். ஆனால் அது இந்தக் கதையின் சுலபமான பாதி. ஓர் எண் பகா எண்ணா என்று கண்டுபிடிப்பது கடினமே இல்லை. ஐயத்துக்கு இடமின்றி, பல்லுறுப்புக் காலத்துக்குள், அதாவது இலக்கங்கள் கூடினாலும் கட்டுக்கடங்காமல் பெருகாத நேரத்துக்குள், அதைச் செய்ய முடியும் என்று 2002ல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் நிறுவினார்கள். அன்றாட மென்பொருளில் மில்லர்–ராபின் சோதனை அதைவிட வேகமாக முடித்துவிடும். பகா எண்தானா என்ற சோதனை, அந்தப் பகா எண் யாராலும் ஊகிக்க முடியாத இடத்திலிருந்து வந்ததா என்று சொல்லாது.

இந்தத் தவறு புதியதும் அல்ல. அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஃபிப்ஸ் 186-4 என்ற ஆவணம், 2048 பிட் சாவிக்கு இரண்டு பகா எண்களின் வேறுபாடு 2இன் 924ஆம் அடுக்கைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று கேட்டது. உண்மையிலேயே தனித்தனியாக, தற்செயலாக எடுத்தால் அந்த நிபந்தனை மீறப்படுவது நடைமுறையில் சாத்தியமில்லை. அதை எழுதி வைத்தது கெட்டுப்போன நிரல்களைப் பிடிக்கத்தான். 2022லும்கூடச் சந்தையில் இருந்த சில அச்சுப்பொறிகளின் சாவிகள் இதே ஃபெர்மா முறையில் உடைந்தன.

முதலாளி முன்னிலையில் செய்து காட்டினோம். செயலியில் இருந்த பொதுச்சாவியை மட்டும் எடுத்து, காரணிப்படுத்தி, மறைச்சாவியைக் கணக்கிட்டு, ஒரு ரூபாய்க்கு ஒரு சீட்டு அச்சிட்டோம். கடையின் கணினியை யாரும் தொடவில்லை. செயலி பச்சை காட்டியது. முதலாளி அண்ணாச்சி செயலியை மூடித் திறந்து மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு மகனிடம், "அந்தப் பையனுக்கு போன் போடு" என்றார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எண் உடைந்தது என்பதால் மட்டும் இளைஞன் குற்றமற்றவர் என்று நிறுவப்படவில்லை. "மூன்று பேரைத் தவிர வேறு யாராலும் முடியாது" என்ற வாதம் மட்டும்தான் விழுந்தது. மேலும் ஒரு தடயம் சீட்டுகளுக்குள்ளேயே இருந்தது. அந்தக் கையொப்ப முறை ஒவ்வொரு முறையும் சிறிது தற்செயல் நிரப்பைச் சேர்க்கும். துறையில் அதை உப்பு என்பார்கள். பொதுச்சாவியைக் கொண்டே கையொப்பத்தைத் திறந்து உப்பின் நீளத்தைப் பார்க்கலாம். கடையின் நிரல் எப்போதும் 32 பைட் சேர்த்தது. ஏட்டில் இல்லாத சீட்டுகளில் 222 பைட். இந்தச் சாவியின் அளவுக்கு அதுவே உச்சம். அதை இயல்பாகவே எடுத்துக்கொள்ளும் மென்பொருள் நூலகங்கள் உண்டு. செயலி எந்த நீளத்தையும் ஏற்றுக்கொண்டதால் பச்சை காட்டியது. ஆக அந்தச் சீட்டுகள் கடையின் நிரலால் கையொப்பமிடப்பட்டவை அல்ல. அவற்றைக் கொண்டுவந்த வியாபாரிக்கும் கடைக்கும் நடந்தது வேறு கதை. அதில் கணக்கு இல்லை.

கிளைகள்

மென்பொருள்காரர் நிரலைத் திருத்தினார். இப்போது இரண்டு பகா எண்களும் தனித்தனியாக எடுக்கப்பட்டன. கூடவே திண்டுக்கல், விருதுநகர், தேனி கிளைகளில் சிறு கணினிகளை வைத்து, ஒவ்வொன்றும் தன் சாவியைத் தானே உருவாக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். ஃபெர்மா முறைக்கு அவை அசையவில்லை. அவற்றை ஒன்றோடொன்று வைத்து மீப்பெரு பொது வகுத்தி பார்த்தேன். திண்டுக்கல் சாவிக்கும் தேனி சாவிக்கும் ஒரு பகா எண் பொது.

பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையைப் படித்து, இது எதற்கு உதவும் என்று முணுமுணுத்தவர்கள் கவனிக்கலாம். 10403, 10807 என்ற இரண்டு எண்களையும் தனித்தனியாகக் காரணிப்படுத்தச் சற்று நேரம் ஆகும். சேர்த்து வைத்தால்: 10807ஐ 10403ஆல் வகுக்க மீதி 404, 10403ஐ 404ஆல் வகுக்க மீதி 303, 404ஐ 303ஆல் வகுக்க மீதி 101, 303ஐ 101ஆல் வகுக்க மீதி இல்லை. 101 பொதுக் காரணி. இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உடைந்தன: 101 பெருக்கல் 103, 101 பெருக்கல் 107. எண்களுக்கு 617 இலக்கம் இருந்தாலும் இதே வேலைதான், வகுத்தல்களின் எண்ணிக்கை சில நூறாகும், அவ்வளவுதான்.

ஒரே மாதிரியான இரண்டு கணினிகள், இரண்டும் அப்போதுதான் முதன்முறையாக உயிர்பெற்றவை. தற்செயல் எண்களுக்கு ஊற்றாக இருக்க வேண்டிய விசைத்தட்டல், வட்டு அசைவு எதுவும் இன்னும் சேரவில்லை. ஆகவே முதல் பகா எண் இரண்டிலும் ஒன்றாகவே வந்தது. இரண்டாவதை எடுப்பதற்குள் கடிகாரங்கள் விலகிவிட்டதால் அது வேறுபட்டது. இரண்டு சாவிகளும் முழுக்க ஒன்றாகவே இருந்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். பாதி ஒன்றாக இருப்பதுதான் மோசம். 2012ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையம் முழுவதிலுமிருந்து பொதுச்சாவிகளைத் திரட்டி இதே சோதனையைச் செய்தன. ஆர்யன் லென்ஸ்ட்ரா குழு தான் திரட்டியவற்றில் ஆயிரத்துக்கு இரண்டு சாவிகள் பாதுகாப்பே அற்றவை என்று கண்டது. ஹெனிங்கர் குழு காரணத்தைத் தேடிப்போய், புதிதாக இயக்கப்பட்ட சிறு கருவிகளில் இதே குறையைக் கண்டுபிடித்தது.

நூறு இலக்கம்

செயலியைத் துருவியபோது மூன்றாவது ஒன்று கிடைத்தது. ஆரம்பத்தில் வேகச் சோதனைக்காகப் போட்ட 330 பிட் பொதுச்சாவி ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது. அதற்குப் பொருந்தும் கையொப்பத்துக்கும் செயலி பச்சை காட்டும். இது 100 இலக்க எண். நல்ல முறையில் உருவானது. ஃபெர்மாவும் யூக்ளிடும் இதன் முன் பயனற்றவர்கள். சிறு காரணிகளையும் விசேஷ அமைப்புள்ள காரணிகளையும் பிடிக்கும் பொல்லார்டு முறைகளையும், ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைவு முறையையும் ஓட்டிப் பார்த்ததில் பலனில்லை. இரண்டு காரணிகளும் 50 இலக்கம் கொண்டவையாக இருக்கும்போது அதை எதிர்பார்க்கவும் கூடாது. இந்த விவகாரத்தில் எனக்கு உண்மையான வேலை கொடுத்தது இந்த எண்தான்.

1981ல் கார்ல் பொமரான்ஸ் முன்வைத்த இருபடிச் சல்லடை இதற்கு ஏற்றது. 3937 என்ற சிறிய எண்ணில் காட்டுகிறேன். ஃபெர்மா முறையில் 63இல் தொடங்கினால் 17ஆவது முயற்சியில்தான் 79 வரும். சல்லடைக்காரர் அவ்வளவு தூரம் போவதில்லை. 63இன் வர்க்கத்திலிருந்து 3937ஐக் கழித்தால் 32. 64இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 159. அதில் 53 என்ற பெரிய பகா எண் இருக்கிறது, விட்டுவிடலாம். 65இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 288. 32ம் வர்க்கமல்ல, 288ம் வர்க்கமல்ல. ஆனால் 32ஐ 288ஆல் பெருக்கினால் 9216, அது 96இன் வர்க்கம். இந்தப் பக்கம் 63ஐயும் 65ஐயும் பெருக்கினால் 4095. 3937ஆல் வகுக்க மீதி 158. ஆகவே 158இன் வர்க்கமும் 96இன் வர்க்கமும் 3937ஐ மட்டாகக் கொண்டு ஒருங்கிசைகின்றன, அதாவது 3937ஆல் வகுத்தால் இரண்டும் ஒரே மீதி தரும். 158 கழித்தல் 96 என்பது 62. 62க்கும் 3937க்கும் மீப்பெரு பொது வகுத்தி 31. மற்ற காரணி 127.

ஃபெர்மா ஒரே எண்ணில் முழு வர்க்கத்தைத் தேடினார். இங்கே வர்க்கமாக இல்லாத உதிரிகளைச் சேர்த்து ஒரு வர்க்கத்தைக் கட்டுகிறோம். அதற்கு வேண்டியது சிறு பகா எண்களால் மட்டுமே ஆன மிச்சங்கள். அவற்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது. ஆனால் ஓரிடத்தில் 7 வகுத்தால், அங்கிருந்து ஏழு தள்ளியும் வகுக்கும், பதினான்கு தள்ளியும் வகுக்கும். ஆறாம் வகுப்பு எரடோஸ்தனிஸ் சல்லடை போலவே ஒவ்வொரு பகா எண்ணாகத் தாவிப் போகலாம். வகுத்தல் மறைந்து கூட்டல் மட்டும் மிஞ்சுகிறது. கணினிக்கு அதுதானே தின்பண்டம்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு விடுமுறை நாளில் சல்லடையைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தோம். பங்கிடுவதில் சிரமமே இல்லை: ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு இருபடிக் கோவை, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், கிடைத்ததை அனுப்பினால் போதும். ஒன்று நின்றுபோனாலும் மற்றவை ஓடும். மின்சாரம் போனால் அதுவரை கிடைத்த ஒருங்கிசைவுகள் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

1994ல் ஆர்எஸ்ஏ-129 என்ற 129 இலக்க எண் இந்த வழியில்தான் விழுந்தது. 1977ல் அது வெளியானபோது, உடைக்க 4க்குப் பின் 16 பூஜ்யம் போட்ட அத்தனை ஆண்டுகள் ஆகும் என்று ரிவெஸ்ட் மதிப்பிட்டிருந்தார். சுமார் 600 தன்னார்வலர்கள், 1600 கணினிகள், மின்னஞ்சல் வழியாக அனுப்பிய ஒருங்கிசைவுகள் எல்லாம் சேர்ந்து எட்டு மாதத்தில் முடித்துவிட்டன. மதிப்பீடு தவறியதற்குக் காரணம் கணினியின் வேகம் மட்டும் அல்ல. 1977ல் இருபடிச் சல்லடையே இல்லை.

சல்லடை முடிந்ததும் வரும் கட்டம் பங்கிட்டுக் கொடுக்க அவ்வளவு தோதானது அல்ல. எந்த மிச்சங்களைப் பெருக்கினால் எல்லா அடுக்குகளும் இரட்டைப்படை ஆகும் என்பது ஒரு நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பு. ஒவ்வொரு மிச்சமும் ஒரு வரிசை, ஒவ்வொரு சிறு பகா எண்ணும் ஒரு நெடுவரிசை, உள்ளே 0 அல்லது 1 மட்டும். பல்லாயிரம் வரிசைகள் கொண்ட அணி. எங்கள் எண்ணுக்கு அது ஒரே கணினியின் நினைவகத்தில் அடங்கிவிட்டது. உலகச் சாதனை எண்களுக்கு இந்த அணிதான் பெரிய தலைவலி.

காலையில் தொடங்கியது மதிய உணவுக்கு முன் முடிந்தது. 50 இலக்கப் பகா எண்கள் இரண்டு. 1991ல் இதே அளவுள்ள ஆர்எஸ்ஏ-100 சில நாட்களில் உடைபட்டபோது அது செய்தியாக இருந்தது. மாணவர்கள் பெருக்கிச் சரிபார்த்தார்கள், சிலர் சாப்பிடப் போனார்கள். பொய்ச் சீட்டுகள் இந்தச் சாவியில் வந்தவை அல்ல. சீட்டிலுள்ள சாவி அடையாளம் முதன்மைச் சாவியையே காட்டியது. ஆனாலும் இந்தக் கதவும் திறந்தேதான் கிடந்தது.

எதை மாற்றினார்கள்

புதிய சாவிகளைச் சொந்த நிரலில் உருவாக்குவதை நிறுத்தச் சொன்னேன். பலரும் பல ஆண்டுகள் சோதித்த நூலகம் இருக்கும்போது கைவேலை எதற்கு? கிளைக் கணினிகள் சாவி உருவாக்க வேண்டாம். மதுரையில் பல நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே கணினியில் உருவாக்கி, கையோடு எடுத்துப் போய்ப் பொருத்தட்டும். புதிய 2048 பிட் சாவிகளை மேலே சொன்ன எல்லா முறைகளிலும் தாக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அசையும் என்று எதிர்பார்க்கவும் இல்லை: ஆர்எஸ்ஏ போட்டி எண்களில் இதுவரை உடைந்ததில் பெரியது 250 இலக்க எண். 2020 பிப்ரவரியில், எண் புலச் சல்லடை என்ற இன்னும் வலுவான முறையில், ஒற்றைக் கணினிக் கருவுக்கு 2700 ஆண்டு பிடிக்கும் உழைப்பில் அது முடிந்தது. 617 இலக்கம் அங்கிருந்து வெகு தூரம்.

க்வாண்டம் கணினி வந்தால் என்ன ஆகும் என்று முதலாளியின் மகன் கேட்டார். கணித அறிஞர் பீட்டர் ஷோர் 1994ல் காட்டிய காரணிப்படுத்தும் வழி உண்மையானது. போதிய அளவு க்வாண்டம் கணினி கட்டப்பட்டால் ஆர்எஸ்ஏ நிற்காது. அதைத் தாங்கும் முதல் மூன்று தரங்களை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டும்விட்டது. வங்கியும் அரசாங்கமும் இப்போதே மாறத் தொடங்க வேண்டும். தீபாவளிக்குக் கொடுத்துப் பொங்கலுக்குக் காலாவதியாகும் கழிவுச் சீட்டுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்றேன்.

அண்ணாச்சி வற்புறுத்திச் சேர்த்தது ஒன்று உண்டு. அதை நான் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவரே சொன்னார். செயலி பச்சை காட்டினாலும் சீட்டு எண் ஏட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கழிவு கொடுக்க வேண்டும். கணக்குப்பிள்ளை இதை முதல் நாளிலிருந்தே சொல்லி வந்தாராம்.

பழைய சாவியில் கையொப்பமான நல்ல சீட்டுகள் இன்னும் இராஜபாளையம், சிவகாசி பக்கத்துக் கடைகளில் இருந்தன. ஏட்டோடு ஒப்பிட்டு ரப்பர் முத்திரை குத்தி அவற்றைப் பங்குனி முடியும் வரை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு பழைய பொதுச்சாவியும் அந்த 100 இலக்கச் சோதனைச் சாவியும் செயலியிலிருந்து நீக்கப்பட்டன. இளைஞன் வேலைக்குத் திரும்பிவிட்டார். வராத நாட்களுக்கும் சேர்த்துச் சம்பளம் கேட்டார், கொடுத்தார்கள்.